மெயின்டெய்னர் போனால் ஃபோர்க் செய்துகொள்ளலாம் என்கிறார்களே, அது போதுமா?

கேள்வி, பிப்ரவரி 4

கட்டற்ற மென்பொருளில் தலைமை வெற்றிடம் என்று ஒன்று கிடையாது என்பது என் கட்சி. நிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது. மெயின்டெய்னர், அதாவது திட்டத்தைப் பராமரிப்பவர், போய்விட்டால் ஃபோர்க் செய்து, அதாவது நிரலைப் பிரதியெடுத்துத் தனித் திட்டமாக்கி, தொடர வேண்டியதுதான். கம்பெனிக்குத்தான் முதலாளி வேண்டும். தன்னார்வலர்கள் கூடிச் செய்கிற வேலைக்கு எதற்குத் தலைவர்? மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

இருக்கிறது. ஃபோர்க் செய்தால் நிரல் வரும். கூட வேறு எதுவும் வராது. பெயர் வராது. டொமைன் வராது. பயனர்கள் மென்பொருளை இறக்கிக்கொள்ளும் பொதிக் களஞ்சியத்தில் அந்தப் பெயரில் பதிவேற்றும் உரிமை வராது. வெளியீடு உண்மையானது என்று காட்டக் கையொப்பமிடும் மின்னணுச் சாவி வராது. பாதுகாப்புக் குறை தெரிந்தவர் புகார் அனுப்பும் அஞ்சல் முகவரி வராது. முக்கியமாக, பயனர் வரமாட்டார். அவர் கணினி பழைய பெயரைத்தான் தேடிப் புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் ஃபோர்க் செய்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

பிப்ரவரி 5, காலை

ஃபோர்க்காகத் தொடங்கிய லிப்ரெஆபிஸ் (அலுவலக மென்பொருள்) வெற்றி பெறவில்லையா, எக்ஸ்.ஆர்க் (லினக்ஸ் திரையில் சாளரங்களைக் காட்டும் மென்பொருள்) வெற்றி பெறவில்லையா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பெற்றன. எப்படி என்று கொஞ்சம் பார்ப்போம்.

2010 செப்டம்பரில் ஓபன்ஆபிஸிலிருந்து பிரிந்தவர்கள் பிரிந்த அன்றே டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்துவிட்டார்கள். யார் பேசுவது, யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் கையில் இருந்தது. லினக்ஸைத் தொகுத்துத் தரும் வழங்கல்களும் அவர்கள் பின்னால் போயின. எக்ஸ்.ஆர்க்குக்கு முன்னோடியான எக்ஸ்ஃப்ரீ86 தன் உரிமத்தை மாற்றியபோது 2004இல் எக்ஸ்.ஆர்க் பக்கம் ஆட்கள் கூட்டமாக நகர்ந்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை சர்வரில் இயக்கும் நோடிலிருந்து 2014 டிசம்பரில் பிரிந்த ஐஓ.ஜெஎஸ், அடுத்த வருஷமே பேசித் திரும்பிச் சேர்ந்தது. பிரிவதற்கும் பிறகு பேசிச் சேருவதற்கும் இரண்டு பக்கமும் பேச ஆள் இருந்தால்தான் முடியும்.

இவை எதிலும் ஆள் இல்லாமல் போகவில்லை. தலைமை தாங்கத் தயாராக இருந்தவர்கள் இருக்கிற இடத்தில் இடம் கிடைக்காமல் வெளியே வந்தார்கள். யாருமே முன்வராத திட்டத்தை யார் ஃபோர்க் செய்வது? அங்கே விழுகிறதெல்லாம் பெயருக்கு ஃபோர்க். ஆளுக்கு ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) போட்டுக்கொண்டு தனித்தனியாகக் கிடக்கும் பிரதிகள். எதை நம்பி எடுப்பது என்று பயனருக்கும் தெரியாது.

பிப்ரவரி 5, இரவு

சரி, சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். திட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், இன்னும் உழைக்கிறார்கள். ஆவணக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் லைப்ரரி (பிற மென்பொருள்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) அது. ஆரம்பித்தவர் அபாரமான ஆள். அவர் யாரோடும் சண்டை போடவில்லை, விலகுகிறேன் என்று கடிதமும் எழுதவில்லை. முன்பெல்லாம் அன்றன்றைக்கே பதில் வரும். பிறகு வாரக் கணக்கானது, மாதக் கணக்கானது, அப்புறம் கட்டைவிரல் குறி மட்டும் வந்தது. கடைசியில் அதுவும் நின்றது. எந்த நாளில் அவர் இல்லாமல் போனார் என்று கேட்டால் எங்களில் ஒருவராலும் சொல்ல முடியாது.

நாங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தோம். பிழைகள் சரியாயின, இணைக்கச் சொல்லி வரும் நிரல் மாற்றங்களான புல் ரிக்வெஸ்ட்கள் இணைந்தன. வெளியிலிருந்து பார்த்தால் திட்டம் கலகலப்பாக இருக்கும். ஒரு வெளியீடு தயாரானபோதுதான் விஷயம் தெரிந்தது. மாற்றக் குறிப்பு எழுதியாயிற்று, சோதனைகள் எல்லாம் பச்சை, பதிப்பு எண்ணை டேக் போட்டாயிற்று. பதிவேற்றக் கட்டளை கொடுத்தால் 403, அனுமதி இல்லை. நிரலில் மாற்றம் சேர்க்கும் கமிட் உரிமை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. பொதிக் களஞ்சியத்தில் பதிவேற்றும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். அந்தக் கணக்கின் இரட்டைச் சரிபார்ப்பு எண் போய்ச் சேரும் இடம் அவருடைய கைபேசி.

அரட்டை அறையில் ஒருவர், "அவரைச் சமீபத்தில் யாராவது தொடர்புகொண்டீர்களா?" என்று கேட்டார். "நானும் அவருக்காகத்தான் காத்திருக்கிறேன்" என்று ஒரு பதில். "நானும்" என்று இன்னொன்று. அதோடு அந்த உரையாடல் அடங்கிவிட்டது. ஆளாளுக்குக் காத்திருந்தோம். மற்றவரும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

அதே காலத்தில் அமைப்புக் கோப்பு, அதாவது லைப்ரரிக்கான அமைவுகளை எழுதும் கோப்பு, எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று ஒரு விவாதம் ஓடியது. இரண்டு யோசனைகள். இரண்டுக்குமே நியாயம் உண்டு. ஒரு பங்களிப்பாளர், எது தேர்வானாலும் வேலை நிற்கக்கூடாது என்று இரண்டுக்கும் பேட்ச் எழுதிக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் என்ன செய்தோம்? இரண்டும் நன்றாக இருக்கிறது என்றோம். அடியில் வேறு நிரல் மாற மாற அவருடைய பேட்ச்கள் மோதும். அவர் சரிசெய்து மறுபடி ஏற்றுவார். மறுபடி மாறும், மறுபடி சரிசெய்வார். ஒருநாள் நிறுத்திவிட்டார்.

பிப்ரவரி 7

"எல்லோருக்கும் கமிட் உரிமை இருந்ததே, யாராவது ஒருவர் இணைத்திருக்கலாமே" என்று கேட்டவருக்கு:

பொத்தானை அழுத்தும் அனுமதி எல்லோருக்கும் இருந்தது. அழுத்தலாம் என்று யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பலர் கூடி அடித்தால் பாம்பு சாகாது என்பார்களே, அதேதான். தன்னார்வத் திட்டத்தில் இது இன்னும் மோசம். ஏனென்றால் அங்கே எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள். சம்பளம் இல்லாமல் இன்னொருவர் செய்த வேலைக்கு "வேண்டாம்" சொல்ல யாருக்கும் மனசு வராது. அந்த மனத்தடையைத் தாண்டிப் பேசும் பொறுப்பு ஒருவரிடம் வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 8

பைத்தான் நிரல்மொழியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நிறைய எழுத வேண்டும்.

அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் பஸ்ஸில் அடிபட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை 1994இலேயே பைத்தான் அஞ்சல் பட்டியலில் ஒருவர் கேட்டுவிட்டார். எத்தனை பேர் திடீரென இல்லாமல் போனால் திட்டம் நின்றுவிடும் என்பதை பஸ் ஃபேக்டர் என்று இன்று நாம் சொல்கிறோமே, அதன் ஆரம்ப காலப் பேச்சுகளில் அதுவும் ஒன்று. அதற்கு 24 வருஷம் கழித்து, 2018 ஜூலை 12 அன்று அவர் விலகினார். விபத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. பெப் 572 என்ற முன்மொழிவு, ஒரு வெளிப்பாட்டுக்குள்ளேயே மாறிக்கு மதிப்பு கொடுப்பதற்கான சிறிய குறி. அதன் மேல் நடந்த சண்டையில் களைத்துப்போய், இனி நான் முடிவெடுக்கப் போவதில்லை, வாரிசையும் நியமிக்கப் போவதில்லை, எப்படி ஆளப்படுவது என்று நீங்களே பேசி முடிவுசெய்யுங்கள் என்று எழுதிவிட்டார். முன்மொழிவு ஏற்கப்பட்ட பிறகு நடந்தது இது! வாதத்தில் ஜெயித்தவர்தான் விலகினார்.

அடுத்து நடந்ததைத்தான் நான் பலரிடம் சொல்லுவேன். அந்த அக்டோபரில் பைத்தானின் 3.7.1 பதிப்பு வெளிவந்தது. யாரும் தடுமாறவில்லை. ஏனென்றால் வெளியீட்டு மேலாளர் என்ற பொறுப்பு அங்கே எப்போதோ தனியாகப் பிரிந்து, ஒவ்வொரு பதிப்புக்கும் ஒருவர் கையில் இருந்தது. பிழை திருத்துவதும் நிற்கவில்லை. நின்றது ஒன்றே ஒன்றுதான்: மொழியில் இதைச் சேர்க்கலாமா கூடாதா என்ற தீர்ப்பு. வெற்றிடம் எந்த அளவுக்கு இருந்ததோ, அந்த அளவு துல்லியமாகத் தெரிந்தது.

பிறகு ஆட்சிமுறைக்கென்றே 8010 முதல் 8016 வரை ஏழு முன்மொழிவுகள் வந்தன. ஒருவரே தலைவராகத் தொடரட்டும் என்பதிலிருந்து தலைவரே வேண்டாம் என்பது வரை எல்லாம் இருந்தன. டிசம்பரில் வாக்கெடுப்பு. 8016 ஜெயித்து, ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு 2019 தொடக்கத்தில் தேர்வானது. ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் ஒரே நிறுவனத்தில் வேலை செய்யக்கூடாது என்ற விதி அதில் உண்டு. கைடோவும் முதல் குழுவில் ஒரு உறுப்பினராக வந்து உட்கார்ந்தார், அடுத்ததில் இல்லை. விலகியவர் அறையை விட்டு ஓடிவிடாமல் பக்கத்திலேயே கொஞ்ச காலம் இருந்தது எவ்வளவு பெரிய உதவி என்பது, ஆளே காணாமல் போன திட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

அதே 2018இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் செப்டம்பரில் கொஞ்ச நாள் ஒதுங்கினார். லினக்ஸின் மையமான கர்னலின் 4.19 பதிப்பை அக்டோபரில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார். நிலைப் பதிப்புகளை ஏற்கெனவே வருஷக்கணக்காகப் பார்த்துவந்தவர் என்பதால் கை மாறியது பயனர்களுக்குத் தெரியக்கூட இல்லை.

பிப்ரவரி 9

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் தலைவருக்குத் தேர்தல் நடக்கிறதே, அங்கே இந்தப் பிரச்சினை இருக்காதே என்று ஒரு நண்பர் சொல்கிறார். தேர்தல் நடக்கிறது, வருஷத்துக்கு ஒரு முறை. ஆனால் 2019இல் வேட்புமனுவுக்கான கடைசி நாள் முடிந்தபோது ஒருவர்கூட நிற்கவில்லை. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பேர் உழைக்கிற திட்டம் அது!

அழகு என்னவென்றால், அப்படி நடந்தால் என்ன செய்வது என்பது அவர்கள் சாசனத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. மனுக் காலம் ஒரு வாரம் நீளும். அப்போதும் யாரும் வராவிட்டால் இன்னொரு வாரம். தலைவர் இல்லாத காலத்தில் அவசர முடிவு தேவைப்பட்டால், தொழில்நுட்பக் குழுவின் தலைவரும் திட்டச் செயலரும் சேர்ந்து எடுக்கலாம். அந்த நீட்டித்த வாரத்தில் ஆட்கள் முன்வந்தார்கள், நான்கு பேர் வாக்குச்சீட்டில் இருந்தார்கள், சாம் ஹார்ட்மன் ஜெயித்தார். 2023இல் ஒரே ஒருவர்தான் போட்டியிட்டார். அப்போதும் வாக்கெடுப்பு நடந்தது, ஏனென்றால் "இவர்களில் யாரும் வேண்டாம்" என்பதும் அங்கே சீட்டில் ஒரு தேர்வு.

டெபியன் தலைவருக்கு அதிகாரம் அதிகம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலையைப் பிரித்துக் குழுக்களுக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் குழுவின் ஒரு குறிப்பிட்ட முடிவை அவர் மாற்ற முடியாது. பொதிகளுக்கும் அப்படித்தான்: பார்க்க ஆளில்லாத பொதி என்று அறிவிக்க ஒரு முறை, கைமாற்ற விரும்புகிறேன் என்று சொல்ல ஒரு முறை, துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்க ஒரு முறை, எல்லாமே பொதுப் பட்டியலில். காணாமல் போன பங்களிப்பாளர்களைத் தேடிக் கடிதம் எழுதுவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. எங்கள் லைப்ரரியில் கட்டைவிரல் குறியை வைத்து ஆள் இருக்கிறாரா என்று ஊகித்துக்கொண்டிருந்தோம். அங்கே அதற்கென்று ஒருவர் உட்கார்ந்து விசாரிக்கிறார். பொறாமையாக இருக்கிறது.

பிப்ரவரி 12

"மெயின்டெய்னர் மெதுவாக வேலை செய்தால் பயனர்கள் அழுத்தம் கொடுத்து ஆளை மாற்றச் சொல்வதில் என்ன தவறு?" என்று எழுதியவருக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நிதானம் வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் கதையைப் படியுங்கள். சுருக்க மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். பல வருஷமாக ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் பார்த்துவந்தார். 2022இல் அஞ்சல் பட்டியலில் சிலர் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம், எனக்கு மனநலச் சிக்கல்களும் இருக்கின்றன என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். பக்கத்திலேயே பொறுமையாக, நல்ல நல்ல பேட்ச்களாக அனுப்பிக்கொண்டிருந்த "ஜியா டான்" என்ற பெயருக்குப் பொறுப்பு போனது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் வெளியாள் ரகசியமாக நுழைவதற்கான பின்கதவு இருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று இன்றுவரை பொதுவெளியில் உறுதியாகவில்லை. நெருக்கியவர்களும் அதே ஏற்பாட்டின் பகுதிதான் என்று பலர் கருதுகிறார்கள்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி அதிகம் எடுக்கிறதே என்று தோண்டிப் பார்த்ததால் மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. அரை விநாடி. அந்த மனிதர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால்?

ஆக, அழுத்தம் கொடுப்பதில் என்ன தவறு என்றால் இதுதான். சோர்ந்துபோன ஒருவரை நெருக்கினால், நல்லவர் கையில்தான் அவர் சாவியைக் கொடுப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. யார் முதலில் கை நீட்டுகிறாரோ அவர் கைக்குப் போகும். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற நோட் பொதியும் இப்படித்தான் கேட்டவருக்குக் கைமாறி, ஒரு பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த தீநிரல் உள்ளே வந்தது. கொடுத்தவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் தனியாக அதைச் சுமந்த வருஷங்களில் திட்டியவர்களில் எத்தனை பேர் ஒரு இஷ்யூவுக்காவது (திட்டத்தில் பதிவாகும் புகாருக்காவது) பதில் எழுதினார்கள்?

உதவ வேண்டும் என்றால் "ஆளை மாற்று" என்று எழுதாதீர்கள். இஷ்யூ பட்டியலில் போய், ஒரே புகார் இரண்டு முறை வந்திருந்தால் சேர்த்துக் கொடுங்கள். பிழையைத் திரும்ப வரவழைக்கும் படிகளை எழுதிக் கொடுங்கள்.

பிப்ரவரி 13

காகித வேலையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

2009 ஜூலையில் சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலின் நிரலாளர்கள் தங்கள் திட்டத்தின் தளத்திலேயே ஒரு பகிரங்கக் கடிதம் போட்டார்கள். டொமைனும் நன்கொடைப் பணமும் இணை நிறுவனர் ஒருவர் பெயரில் இருக்கின்றன, அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று. பிறகு பேசித் தீர்ந்தது. ஆனால் அந்தச் சில நாள் உலகமெங்கும் சர்வர் நடத்துகிறவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! நிரலில் ஒரு வரிகூடப் பழுதில்லை.

ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸ் வழங்கலில் 2008 ஜனவரியில், உரிய ஆவணங்களைத் தாக்கல் செய்யாததால் அவர்கள் அறக்கட்டளையின் பதிவே அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ரத்தானது. பிறகு சரிசெய்துகொண்டார்கள். அத்தனை திறமையான நிரலாளர்கள் இருந்த இடத்தில், படிவம் நிரப்பும் வேலை யாருடையது என்பதுதான் நழுவியிருக்கிறது.

பிப்ரவரி 13, இரவு

பணம் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பவருக்குச் சுருக்கமாக: பணம் வேண்டும்தான். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வந்தபோது, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் வெட்கம். ஆனால் பணம் நேரத்தைத்தான் வாங்கித் தரும். 2021 நவம்பரில் பிஎச்பி நிரல்மொழிக்காகத் தொடங்கிய பிஎச்பி அறக்கட்டளை நிரலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. மொழியில் எது சேரலாம் என்பது அதற்குப் பிறகும் வாக்கெடுப்பில்தான் முடிவாகிறது. இரண்டையும் தனித்தனியாக வைத்தது சரி என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 15

5ஆம் தேதி எழுதியதற்குத் திரும்பி வருகிறேன். அமைப்புக் கோப்புக்கு இரண்டு பேட்ச் எழுதியவர் களைத்துப்போய் நிறுத்தினார் என்கிற மாதிரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவரே தனிமடல் அனுப்பினார். அனுமதியோடு பகிர்கிறேன்.

"வேலை அதிகமானதால் போகவில்லை. 'இது வேண்டாம்' என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே அடுத்த இஷ்யூவை எடுத்திருப்பேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றீர்கள். அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை."

இதைப் படித்த பிறகு என் பார்வை கொஞ்சம் மாறியிருக்கிறது. வெற்றிடம் என்றால் வெளியீடு நிற்பது, சாவி தொலைவது என்றுதான் இதுவரை அடுக்கிக்கொண்டு வந்தேன். அவையெல்லாம் கடைசியில் தெரிபவை. முதலில் நிற்பது மறுப்பு. யாரும் எதையும் மறுக்காத திட்டம் இணக்கமான திட்டம் மாதிரி தெரியும். உள்ளே இருக்கிறவர்களில் உழைக்கத் தெரிந்தவர்தான் முதலில் போவார், ஏனென்றால் பதில் தேவைப்படுகிற அளவுக்கு வேலையைக் கொண்டுவந்து வைத்தவர் அவர் ஒருவர்தான். எட்ட நின்று கட்டைவிரல் காட்டியவர்கள் இருப்பார்கள். இணைக்காமல் கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்களைத் திறந்து பாருங்கள். கடைசிக் கருத்து எழுதியவர் அனுப்பியவராகவே இருந்து, "இதற்கு மேல் நான் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று அது முடிந்திருந்தால், அங்கே தலைமை இல்லை.

பிப்ரவரி 18

"இப்படியெல்லாம் சொன்னால் யார் அந்த இடத்துக்கு வருவார்கள்?" நியாயமான கேள்வி.

வராததற்கு ஒரு காரணம், அந்த வேலை எங்கேயும் பதிவாவதில்லை. நிரல் எழுதினால் நிரல் தளத்தின் சுயவிவரப் பக்கத்தில் பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டம் நிறையும். இரண்டு பேருக்கு இடையே மனக்கசப்பைத் தீர்த்துவைத்தால் எந்தக் கட்டமும் நிறையாது. "இது நம் திட்டத்தின் எல்லைக்குள் வராது" என்று ஒருவர் மனம் நோகாமல் எழுத ஒரு சாயங்காலமே போய்விடும், பலன் ஒரு மூடிய இஷ்யூ. இன்னொரு காரணம், நன்றாக நிரல் எழுதுகிறவரைத்தான் பிடித்து உட்கார வைக்கிறோம். அவருக்குப் பிடித்தது நிரல். உட்கார்ந்த நாளிலிருந்து நிரல் எழுத நேரம் கிடைக்காது. பிறகு அவர் போய்விட்டார் என்று வருந்துகிறோம்.

எங்கள் திட்டத்தில் ஆவணங்களைத் திருத்தவந்த ஒருவர்தான் இப்போது இஷ்யூக்களைப் பிரித்து, யாருக்கு எது என்று கேட்டு, பதில் வராததை மறுபடி மேலே கொண்டுவருகிறார். சி மொழியில் ஒரு வரி எழுதியதில்லை. நாங்கள் அவரை வழிநடத்துநர் என்று முகப்புக் கோப்பில் பெயர் போட்டு எழுதினோம். பெயர் போட்ட பிறகு அவர் "இதற்கு வெள்ளிக்குள் முடிவு வேண்டும்" என்று கேட்கத் தொடங்கினார். நாங்களும் பதில் சொல்லத் தொடங்கினோம்.

பிப்ரவரி 20

ஒருவர் கேட்கிறார், ஆளே கிடைக்காவிட்டால் மூடிவிடலாமா என்று. மூடலாம். அதையும் சொல்ல ஒருவர் வேண்டும். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் ஒவ்வொரு திட்டமும் இயக்குநர் குழுவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். ஒரு வெளியீட்டுக்குக் குறைந்தது மூன்று ஆதரவு வாக்குகள் தேவை. அந்த மூன்று பேர்கூடத் தேறாத நிலை வந்தால், 2008இலிருந்து அதற்கென்றே இருக்கும் 'அட்டிக்' பகுதிக்குத் திட்டம் போகும். நிரல் படிக்கக் கிடைக்கும், இனி யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்று அறிவிப்பு இருக்கும். பயனர் வேறு வழி பார்த்துக்கொள்வார். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அவரைத் தொங்கவிடுவதை விட இது எவ்வளவோ மரியாதை.

மார்ச் 2

இறப்பைப் பற்றி எழுதத் தயங்கினேன். கேட்டுவிட்டீர்கள்.

விம் என்ற எழுத்துத் திருத்தி மென்பொருள் 1991இல் முதலில் வெளியானது. அதை உருவாக்கிய பிராம் மூலெனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். அத்தனை வருஷமும் ஏறக்குறைய ஒவ்வொரு பேட்சும் அவர் கை வழியாகத்தான் உள்ளே போனது. இருந்தும் திட்டம் நின்றுவிடவில்லை. நீண்ட காலமாகக் கூட உழைத்த கிறிஸ்டியன் பிரபான்ட் முதலானோர் எடுத்துக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பைப் பிராமுக்கே காணிக்கையாக்கினார்கள். அவர் வைத்திருந்த எல்லாவற்றையும் அவர்களால் அப்படியே செய்ய முடியாது, முயலவும் இல்லை. ஒரு பழகிய குழு சூழ இருந்ததால் தொடர முடிந்தது.

எங்கள் லைப்ரரியை ஆரம்பித்தவருக்கு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள். நலமாக இருக்கிறார். எங்களில் ஒருவர் பொது அறையை விட்டுவிட்டு, அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதினார். குற்றம் சொல்லவில்லை, எப்போது திரும்பி வருவீர்கள் என்றும் கேட்கவில்லை. இன்ன கணக்கில் இன்ன உரிமையை இந்த இருவருக்குத் தர முடியுமா என்று மட்டும். மறுநாளே தந்துவிட்டார். "உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதியிருந்தார். டொமைன் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மாற்றும் வேலை நடக்கிறது. பாதுகாப்புப் புகார் அஞ்சலும் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் படிக்கப்படாத ஒரு புகார். நல்லவேளை, அதே பிழையை வேறு காரணத்துக்காக நாங்கள் முன்பே திருத்தியிருந்தோம்.

மார்ச் 6

கடைசியாக வந்த கேள்வி: "எக்ஸ்இசட் கதையைச் சொல்லிவிட்டு, உரிமையைப் பகிரவும் சொல்கிறீர்கள். புதியவரை எப்படி நம்புவது?"

ஆளை மட்டும் நம்பி எதையும் கொடுக்க வேண்டியதில்லை. எக்ஸ்இசட்டில் பின்கதவை இயக்கிய ஒரு முக்கியத் துண்டு பொதுக் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய டார் என்ற தொகுப்புக் கோப்பில் மட்டும்தான் இருந்தது. களஞ்சியத்தைப் படித்தவர்கள் கண்ணில் அது படாததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் நாங்கள் செய்கிறது இது. வெளியீட்டை ஒருவர் கட்டுவார். இன்னொருவர் களஞ்சியத்திலிருந்து தனியாகக் கட்டி, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று ஒப்பிடுவார். ஒத்துப்போனால்தான் பதிவேற்றம். ஒப்பிட்டவர்தான் அடுத்த வெளியீட்டைச் செய்ய வேண்டும், அவர் பக்கத்தில் ஒப்பிட ஒரு புது ஆள் உட்காருவார். முதல் முறை ஒப்பிடுகிறவருக்குப் பதிவேற்ற உரிமை கிடையாது. அடுத்த சுற்றில் கிடைக்கும், வருஷம் முழுக்க ஒரு வெளியீட்டிலும் கை வைக்காவிட்டால் எடுத்துவிடுவோம், கேட்டால் திரும்பத் தருவோம். இந்த விதியை முகப்புக் கோப்பிலேயே எழுதி வைத்திருப்பதால் யாரும் மனம் கோணுவதில்லை.

படிகளை எழுதிய கோப்பைக் கேட்டவர்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். அதில் ஏழாவது படி பழைய கட்டளையோடு இருக்கிறது. இந்த வாரம் வெளியீடு செய்கிறவர் திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.